விஸ்குண்டே: கணிதத்துக்கு ஒரு டச்சுப் பெயர்

நெதர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் கணிதத்தை 'விஸ்குண்டே' என்கிறார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவும் 'மேத்தமேட்டிக்ஸ்' என்ற கிரேக்க வழிப் பெயரையே வைத்துக்கொள்ள, டச்சுக்காரர்கள் தனிவழி போனதற்குக் காரணம் சைமன் ஸ்டெவின்.

1548இல் ப்ரூஜில் பிறந்த ஸ்டெவின், ஆண்ட்வெர்ப்பில் கணக்கெழுதிப் பிழைத்துவிட்டு லைடன் நகரில் குடியேறியவர். ஸ்பெயின் மன்னரை எதிர்த்துப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1585இல் தசமக் கணக்கை விளக்கி 'டி தீண்டே' என்ற சிறு நூலை டச்சு மொழியில் எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் யாரையெல்லாம் விளித்திருக்கிறார் பாருங்கள்: விண்மீன் நோக்குபவர்கள், நில அளவையர்கள், சித்திரக் கம்பளம் அளப்பவர்கள், மதுப்பீப்பாய் அளப்பவர்கள், நாணயச்சாலை அதிகாரிகள், வணிகர்கள். படித்தவர் மொழியான லத்தீனில் எழுதியிருந்தால் இவர்களில் பலருக்கு அது எட்டியே இருக்காது.

மறு ஆண்டு வந்த நிலையியல் நூலில் டச்சு மொழியின் தகுதியைப் பற்றித் தனி உரையே சேர்த்தார். ஓரசைச் சொற்கள் தம் மொழியில் மலிந்து கிடக்கின்றன, அவற்றை இணைத்து எந்தக் கருத்தையும் சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம். லத்தீன், கிரேக்கச் சொற்களையும் பக்கத்தில் பட்டியலிட்டுக் காட்டினார்.

அந்த நம்பிக்கையில் அவர் கட்டிய சொல்தான் 'விஸ்கொன்ஸ்ட்'. 'விஸ்' என்றால் ஐயத்துக்கு இடமில்லாதது. 'கொன்ஸ்ட்' என்றால் கலை. மூலக் கிரேக்கச் சொல்லின் பொருள் 'கற்கப்படுவது' என்பதுதான். கற்கப்படுவன எத்தனையோ உண்டு. நிறுவிவிட்டால் அசைக்க முடியாதது கணிதம் ஒன்றே என்பதை ஸ்டெவினின் சொல் நேராகச் சொல்லிவிடுகிறது. என் கணிப்பில் இது மூலத்தை விஞ்சிய சொல். பின்னாளில் 'கொன்ஸ்ட்' இருந்த இடத்தில் அறிவைக் குறிக்கும் 'குண்டே' வந்து உட்கார்ந்தது. 'விஸ்' இன்று தனியாக அதிகம் புழங்குவதில்லை. 'சர்வ நிச்சயமாக' என்ற பொருளில் 'விஸ் என் சேகர்' என்று சொல்லும்போது காதில் விழும்.

சொல் நிலைத்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமில்லை. 1600இல் இளவரசர் மாரிட்ஸின் முயற்சியால் லைடனில் பொறியாளர் பள்ளி தொடங்கியது. பாடத்திட்டம் வகுத்தவர் ஸ்டெவின், பயிற்றுமொழி டச்சு. கோட்டை கட்டவும் நிலம் அளக்கவும் ஆட்கள் உடனே தேவைப்பட்டார்கள். இளவரசருக்குத் தாம் நடத்திய பாடங்களையும் 1605 முதல் 1608 வரை 'விஸ்கொன்ஸ்டிகே கெடாக்டெனிசென்' என்ற பெயரில் அச்சிட்டார். மற்ற நாட்டு அறிஞர்கள் படிப்பதற்காக அதை லத்தீனில் பெயர்த்தவர், ஒளிவிலகல் விதியால் நாம் அறிந்த ஸ்னெல்.

கலைச்சொல் அகராதியில் அச்சேறினால் போதாது, வகுப்பறையில் புழங்க வேண்டும். ஸ்டெவின் இரண்டையும் செய்தார்.

டெல்ஃப்ட் நகரில் அவர் ஈயக் குண்டுகளைக் கீழே போட்டுச் சோதித்த கதை அடுத்த வாரம்.