மக்காச்சோளக் காட்டுக்குள்ள ஒரு சைக்கிள் பயணம்

அமெரிக்காவுல அயோவா மாநிலம். மேற்கே மிசௌரி ஆறு, கிழக்கே மிசிசிப்பி, நடுவில் கண்ணுக்கெட்டின தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். வருஷா வருஷம் ஜூலை கடைசியில், ஆயிரக்கணக்கான பேர் ஒரு வாரம் சைக்கிள் மிதித்து இந்த மாநிலத்தைக் கடக்கிறார்கள். பின் சக்கரத்தை மிசௌரியில் நனைத்துக் கிளம்பி, முன் சக்கரத்தை மிசிசிப்பியில் நனைத்து முடிப்பது வழக்கம். இதுக்குப் பேர் ராக்பிராய்.

ஆரம்பிச்சது 1973ல. டெமாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையில் எழுதிய ஜான் கேரஸ், டொனால்ட் கௌல் இருவரும் மாநிலத்தை சைக்கிளில் கடந்து, பார்த்ததை எழுதலாம்னு திட்டம் போட்டாங்க. வாசகர்களையும் கூப்பிடுங்கள் என்றது பத்திரிகை. சூ சிட்டியில் சுமார் 300 பேர் வந்து நின்றார்கள். ஆறு நாளில் டேவன்போர்ட் வரை முழுசாக மிதித்தவர்கள் 114 பேர்.

அதில் ஒருவர் கிளாரன்ஸ் பிக்கார்ட். ஓய்வுபெற்ற விவசாயி, வயசு 83. பெண்கள் ஓட்டுகிற பழைய ஷ்வின் சைக்கிள். கொளுத்தும் வெயிலில் உடம்பு முழுக்க நீள உள்ளாடை! பார்த்தவங்களுக்கு வேடிக்கை. ஆனா காட்டுல வேலை செஞ்சவங்களுக்குப் புரியும். நம்ம ஊர்ல களையெடுக்கிற பெண்கள் சேலைக்கு மேல முழுக்கைச் சட்டை மாட்டுறது எதுக்கு? வெயில் தாங்கத்தானே.

அடுத்த பத்தாண்டு அயோவாவுக்குக் கஷ்ட காலம். நிலத்தோட விலையை நம்பித்தான் கடன் வாங்கியிருந்தாங்க. 1981க்கும் 1986க்கும் நடுவில் அந்த விலை சராசரியாக 63 சதவீதம் விழுந்தது. நிலம் போனது, கடன் நின்றது. குடும்பங்கள் கிளம்பினதும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் காலியாச்சு. அந்த வருஷங்களிலும் சைக்கிள் பயணம் நிற்கவில்லை.

பாதை வருஷத்துக்கு வருஷம் மாறும். எந்த ஊர் வழியாகப் போகுதோ, அங்கே சர்ச்சுப் பெண்கள் இனிப்புப் பை சுட்டு விற்பார்கள்; வேகவைத்த சோளக்கதிர் கிடைக்கும். கிடைக்கிற காசு ஊர்ப் பொதுக் காரியத்துக்கு.

இதனால போன நிலம் திரும்பி வராதுங்க. ஒரு நாள் வியாபாரம் விவசாயியைக் காப்பாத்தாது. ஆனா காரில் போறவனுக்கு வெறும் பச்சையாகத் தெரியறது, சைக்கிள்ல போறவனுக்கு பூ விட்ட சோளம், பன்றிப்பட்டி வாடை, பூட்டின வீடுன்னு தனித்தனியாத் தெரியும். தாகத்துக்கு நிறுத்தினா விவசாயிகிட்ட பேசியே ஆகணும்.

நீங்களும் பைபாஸை விட்டு இறங்கி, சைக்கிள்ல கிராமத்துக்குள்ள வாங்க. தண்ணி தருவோம். என்ன பயிர்னு மட்டும் கேக்காதீங்க, என்ன விலைக்குப் போச்சுன்னும் கேளுங்க.