மணத்தக்காளி

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்திலுள்ள பரளச்சி முதலிய கரிசற் கிராமங்களில், ஐப்பசி மழைக்குப் பின் கொல்லைப்புறங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் எவரும் விதைக்காமலே முளைத்தெழும் மணத்தக்காளி, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியாகும். மிளகுதக்காளி என்றும் வழங்கும். நட்சத்திரம் போன்ற வெண்ணிறப் பூக்களும், கொத்தாகத் தொங்கும் சிறு காய்களும் உடையது. காய்கள் இனத்திற்கேற்பக் கருநீலமாகவோ செம்மஞ்சளாகவோ கனியும்.

பயிரிட விரும்புவோர் நன்கு கனிந்த பழத்தை நீரில் பிசைந்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து பாத்தியில் தூவி, நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் பிடுங்கி நடலாம். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும் புஞ்சைகளின் வரப்பில் தானே முளைத்ததைப் பறித்தல் ஆகாது. அறிந்த தாய்ச்செடியின் விதையைக் கொண்டு வீட்டிலேயே வளர்ப்பது உத்தமம்.

பச்சைக்காயில் சோலனின் முதலிய விஷப் பொருள்கள் உண்டு. மிகுதியாகத் தின்றால் வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும் காணும். கனியக் கனிய அவை குறைந்துவிடுவதால், நன்கு பழுத்தவற்றை மட்டுமே பச்சையாக உண்ணலாம். மேனாட்டு எல்டர்பெரியும் இத்தகையதே. 1983-இல் கலிபோர்னியாவில் அதன் இலை, தண்டுகளோடு சமைக்காமல் பிழிந்த சாற்றைப் பருகியோருள் 11 பேர் நோயுற்றனர். ஆயினும் எல்டர்பெரியின் விஷம் கொதிக்க வைத்தால் பெரும்பாலும் நீங்கும். சோலனினோ அடுப்பின் வெப்பத்தில் எளிதில் சிதைவதன்று. ஆகவே மணத்தக்காளிக்குச் சமையலினும் கனிவே முதற் காவல்.

இளங்கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் சேர்த்துக் கூட்டாக்கி, வாய்ப்புண் கண்டோர்க்கு இடுவர். வற்றலுக்கு, முற்றிய காயை இலேசாக நசுக்கி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அம்மோரிலேயே இட்டு, மோர் முழுதும் சுவறும் வரை இவ்வாறே செய்து, கலகலவென்று உலர்ந்தபின் சாடியில் பத்திரப்படுத்துவர். உழவர்க்கு இடுக்கண் விளைக்கும் இவ்வட்டாரத்துக் கடும் வெயில், வற்றலுக்கு வரப்பிரசாதமே. நல்லெண்ணெயில் கருகாது பொரித்துக் குழம்பிலும், பிள்ளை பெற்ற தாய்மாரின் பத்தியச் சோற்றிலும் சேர்ப்பர். இம்முறையால் கசப்பு தணியுமேயன்றி விஷம் முற்றும் அகலுமென்று கருதலாகாது; ஒரு வேளைக்குச் சிறிதளவே கொள்ளும் பழைய வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் நன்று.

செடியருகே விளையாடும் குழந்தைகளுக்குக் காயையும் கனியையும் பிரித்தறியக் கற்பித்தல் வேண்டும். பச்சைக்காயைத் தின்ற குழந்தைக்கு வாந்தியோ மயக்கமோ கண்டால், கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.