தீண்டிய கரங்கள்

பண்டை யூத சமுதாயத்தில் தொழுநோயாளர் ஊருக்குப் புறம்பே வாழ வேண்டும். தம்மைத் 'தீட்டு' என்று தாமே கூவி அறிவிக்க வேண்டும். இது லேவியராகமம் வகுத்த விதி. ஊருக்குப் புறம்பே என்னும் சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அத்தகைய ஒருவரை இயேசு பெருமான் கைநீட்டித் தொட்டுக் குணமாக்கினார் என நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. நோய் நீங்கிய பின் தொடுவது எளிது. நீங்குமுன் தொட்டதே அறம்.

அவ்வழி நின்றவர் டாக்டர் பால் பிராண்டு. 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, முடங்கிய விரல்களையுடைய ஒருவரின் கையைப் பற்றினார். அக்கையில் வலிய பிடி இருந்தது. தசைகள் யாவும் செயலிழக்கவில்லை என்னும் உண்மை அவருக்கு அத்தொடுதலாலேயே புலனாயிற்று. நல்ல தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை மருத்துவத்தை அவரும் தோழர்களும் வளர்த்தனர். விரல்கள் அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி இழந்தமையால், தெரியாமற்படும் சூட்டாலும் காயத்தாலும் சிதைகின்றன என்பதையும் தெளிவாக்கினர்.

ஆயினும், கை சீரடைந்த சிலர் புதியதொரு துயரைக் கூறினர். கோணிய கைக்கு விழுந்த பிச்சை நேரான கைக்கு விழவில்லை. தொழுநோயாளர் என்றறிந்தோர் வேலையும் தரவில்லை. இரக்கம் அறுவை மேசையோடு முடிவதன்று என்பதை பிராண்டு உணர்ந்தார். அவர்கள் தங்கித் தொழில் பயில வேலூரில் குடில்கள் எழுந்தன. இளமையில் தாம் கற்ற தச்சுக்கலை அங்கே அவருக்குக் கைகொடுத்தது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் குணமாகக் கூடியதாயிற்று. தொழுநோயாளரை அடைத்து வைக்க இடமளித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. நம்மீது சுமத்தப்பட்ட தீண்டாமையை அரசியலமைப்பு 1950-லேயே ஒழித்தது. அங்கே உடலில் ஒரு நோயாவது இருந்தது; நம்மிடமோ நோய் ஏதுமில்லை, ஒதுக்கியவர் நெஞ்சிலேதான் இருந்தது.

இளைஞர்களே! ஒதுக்கப்பட்டதன் வலியறிந்த நாம், நோயுற்ற ஒருவரைத் திண்ணையில் அமர்த்தத் தயங்கினால், நம் உரிமைக் குரலுக்கு வலுவேது? பிச்சையிடும் கை தாழ்ந்தவரைத் தாழ்ந்தவராகவே வைக்கும். தொழிலும் கல்வியும் தரும் கையே அவரை நிமிர்த்தும். நம் சங்கம் இருபத்தைந்தாண்டுகளாக நீட்டி வருவது அக்கையே. அது எவரையும் தொடக் கூசாதிருக்கட்டும்.