அரிவாள் வடிவச் சிவப்பணு: இன அடையாளமும் நீலகிரிச் சான்றும்

முன்னுரை

நலமுடைய மனிதரின் சிவப்பணு இருபுறமும் குழிந்த வட்டத்தட்டு வடிவினது. ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வது. அவ்வடிவத்தின் பிறழ்ச்சி உடற்கோளாற்றின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. ஆயின் அரிவாள் வடிவச் சிவப்பணு நோயின் அறிகுறியாக மட்டுமன்றி, நெடுங்காலம் இனத்தின் அடையாளமாகவும் கருதப்பட்டது. அக்கருத்து உருவான வரலாற்றையும், அதன் மறுபரிசீலனையில் நீலகிரி பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிகாகோவில் தொடக்கம்

கிரெனடாத் தீவிலிருந்து சிகாகோவிற்குப் பல்மருத்துவம் பயில வந்த மாணவர் ஒருவரின் குருதியில், 1904ஆம் ஆண்டின் இறுதியில், வளைந்து நீண்ட சிவப்பணுக்களைப் பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் கண்டார். ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதனை வெளியிட்டார். காரணம் இன்னதென அவர் அறுதியிடவில்லை. 1922இல் வெர்ன் மேசன் 'அரிவாளணுச் சோகை' எனப் பெயரிட்டபோது, அதுவரை அறியப்பட்ட நோயாளிகள் நால்வரும் கருப்பினத்தவர் என்பதைச் சுட்டினார். நால்வரைப் பற்றிய இக்குறிப்பு பின்னர் பொதுவிதியாயிற்று. வெள்ளையரிடம் இவ்வணு காணப்பட்டபோது விதி ஐயுறப்படவில்லை; அவர்தம் குலவழியே ஐயுறப்பட்டது.

நீலகிரிச் சான்று

1949இல் லைனஸ் பாலிங் குழுவினர், இந்நோயாளரின் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறுபட்டு நகர்வதைக் காட்டினர். நோயின் வேர் அணுவின் வடிவில் இல்லை, மூலக்கூற்றில் உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் இருளர், குறும்பர் ஆகிய பழங்குடியினரிடையே இப்பண்பு மிகுந்திருப்பதை வெளியிட்டனர். ஆப்பிரிக்கத் தொடர்பே இதன் காரணம் என்னும் விதி இச்சான்றால் தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் லேமன் இதனையும் இனவழிப் பெயர்ச்சியின் தடயமாகவே கொண்டார். இம்மரபணு ஆசியாவிலிருந்து அரேபியா வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவை அடைந்திருக்கலாம் என 1954இல் வாதிட்டார். திசை மாறியது, இனம் என்னும் அளவுகோல் மாறவில்லை.

அதே ஆண்டில் அந்தோணி அலிசன் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர் மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கப்படுகிறார் என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே இப்பண்பின் பரவல் இன எல்லையை அன்று, மலேரியாவின் நிலப்பரப்பைப் பின்பற்றுகிறது. இந்தியப் பழங்குடியினரின் மரபணுப் பின்னணி ஆப்பிரிக்க வகைகளினின்று வேறானது என 1980களின் ஆய்வுகள் காட்டின.

பண்பும் நோயும்

இருவழியிலும் மரபணுவைப் பெற்றவருக்கே நோய் தோன்றுகிறது. ஆக்சிஜன் குறையும்போது அணுக்கள் விறைத்து நுண்குழாய்களை அடைக்கின்றன. அவற்றின் ஆயுளும் 10 முதல் 20 நாட்களாகக் குறுகுகிறது. ஒருவழி பெற்றவர் பெரும்பாலும் நலமுடன் வாழ்பவர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் இவ்வேறுபாட்டை மறந்தன. நோயற்றோர் பலர் வேலையையும் காப்பீட்டையும் இழந்தனர்.

முடிவுரை

இந்தியாவில் 2023இல் தொடங்கிய தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் பெருமளவில் பரிசோதனை நடத்தி, முடிவைத் தெரிவிக்கும் அட்டைகளையும் வழங்குகிறது. நோயை முன்னறிய இது இன்றியமையாதது. எனினும் அட்டை பெறுபவர் இருளர், குறும்பர் என்னும் பெயரோடு சேர்த்தே நோக்கப்படுவாராயின், 1922இன் பிழை வேறொரு மொழியில் மீளும். சிவப்பணுவின் வடிவம் ஒருவரது உடல்நலத்தைப் பற்றிய சான்று. ஒரு குடியைப் பற்றிய தீர்ப்பு அன்று.