வெங்காயமும் வெளிநாட்டுக் கப்பலும்

இலங்கையின் இறக்குமதிச் செலவு 2021 இல் ஏறத்தாழ 2,060 கோடி அமெரிக்க டொலராக இருந்தது. 2023 இல் அது 1,680 கோடியாகச் சுருங்கிற்று. இறக்குமதி குறைந்தால் நாடு தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்றே நாம் பள்ளியிற் படித்தோம். இக்குறைவு அத்தகையதன்று. அதை விளங்கிக்கொள்ள, எம்மில் மூத்தோர் நன்கறிந்த ஒரு காலத்தை நினைவுகூர வேண்டியுள்ளது.

1970 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. பாணுக்காக மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கோ அதுவே பொற்காலம். செம்மண்ணிற் கிணற்று நீர் இறைத்து விளைவித்த வெங்காயமும் மிளகாயும் லொறி லொறியாகத் தெற்கே சென்றன. அந்த வருவாயிற் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். (அப்பிள்ளைகளின் பல்கலைக்கழக வாயிலைத் தரப்படுத்தலால் ஒடுக்கியதும் அதே அரசுதான்.)

1977 யூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி வென்றது. நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவை நீங்கின. கப்பலில் வந்திறங்கிய மிளகாயும் வெங்காயமும் எமது தோட்டங்களின் விலையை வீழ்த்தின.

2020 இல் வாயில் மீண்டும் மூடப்பட்டது. முதலில் வாகனங்கள், 2021 மே மாதத்தில் இரசாயன உரம். நவம்பரில் உரத்தடை நீங்கியபோது நெல் விளைச்சலைக் காப்பதற்குக் காலம் கடந்திருந்தது. 2022 ஏப்பிரல் 12 இல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. எரிபொருட் கப்பல்கள் பணத்துக்காகக் கடலிற் காத்துநின்றன.

எழுபதுகளில் வாயில் மூடியபோது உள்ளே ஒரு தோட்டமேனும் தழைத்தது. இம்முறை தோட்டக்காரனிடம் உரமுமில்லை, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயுமில்லை. 2022 மார்ச் 22 இல் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளைச் சேர்ந்த 16 பேர், கைக்குழந்தை உட்பட, படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் கரைசேர்ந்தனர். அவர்களைத் துரத்தியது குண்டன்று. அரிசியினதும் பால்மாவினதும் விலை.

2024 இல் இறக்குமதி மீண்டும் 1,880 கோடி டொலரை எட்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது. இடையில், 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, கொழும்புச் சந்தையிற் பெரிய வெங்காயத்தின் விலை ஏறிற்று. 2024 ஏப்பிரலில் இலங்கைக்கென 10,000 தொன்னை அனுப்ப இந்தியா இசைந்தது.