குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்கு வழிச் சுவாச உதவி: செயல்படும் விதமும் தேவையான கவனிப்பும்

கர்ப்ப காலத்தின் 37 வாரங்கள் நிறைவடையும் முன் பிறக்கும் குழந்தைகள் குறைமாதக் குழந்தைகள் எனப்படுகின்றனர். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் பங்கேற்று உருவாக்கிய மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1.34 கோடி குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பிறந்தவர்கள். நாடுகளின் வரிசையில் இதுவே மிக அதிக எண்ணிக்கையாகும்.

இக்குழந்தைகள் எதிர்கொள்ளும் முதல் ஆபத்து மூச்சுத்திணறல். தொண்டைக்குள் குழாய் செலுத்தாமல், மூக்கின் வழியாகத் தொடர்ந்து மிதமான காற்றழுத்தம் அளிக்கும் ‘சிபேப்’ சிகிச்சை இதற்குரிய முதன்மையான முறைகளுள் ஒன்று. எளிய கருவியே போதுமானது என்றாலும், அது பயன் தருவது சிகிச்சையைத் தொடங்கும் நேரத்தையும் செவிலியரின் இடைவிடாத கண்காணிப்பையும் பொறுத்தே அமைகிறது.

மூச்சுத்திணறல் ஏற்படுவது ஏன்?

நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகள், மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ‘சர்ஃபாக்டன்ட்’ என்னும் வழவழப்பான பொருள் உதவுகிறது. கருவின் நுரையீரலில் இது போதிய அளவில் சுரக்க ஏறத்தாழ 34, 35 வாரங்கள் ஆகும். அதற்கு முன் பிறக்கும் குழந்தையின் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் சுருங்கி ஒட்டிவிடுகின்றன. முழுவதும் சுருங்கிய பலூனை ஊத அதிக விசை தேவைப்படுவது போல, அவற்றை மீண்டும் விரிக்கக் குழந்தை பெரிதும் முயல வேண்டியுள்ளது. நேரம் செல்லச் செல்ல அது களைத்துவிடுகிறது.

விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்வாங்குதல், மூக்குத் துவாரங்கள் விரிதல், மூச்சு விடும்போது முனகல் ஒலி எழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றுக்கு மதிப்பெண் அளித்துத் திணறலின் கடுமையை மருத்துவர்கள் கணிக்கின்றனர்.

உருவான வரலாறு

சர்ஃபாக்டன்ட் குறைபாடே இந்நோயின் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் ஆகியோர் 1959-இல் நிறுவினர். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்களுக்குள் உயிரிழந்தார்.

திணறும் குழந்தையின் முனகல், குரல்வளையைப் பாதி மூடித் தன் நுரையீரலுக்குள் காற்றைத் தக்கவைத்துக்கொள்ளும் முயற்சியாகும். அம்முயற்சிக்கு வெளியிலிருந்து துணை செய்யும் வகையில், சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய மருத்துவர் ஜார்ஜ் கிரிகோரியும் உடன் பணியாற்றியோரும் தொடர் காற்றழுத்தத்தை அளித்தனர். 1971-இல் வெளியான அவர்களது ஆய்வில், சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 16 பேர் உயிர் பிழைத்தனர்.

கருவி இயங்கும் விதம்

காற்றும் ஆக்சிஜனும் கலந்து, வெதுவெதுப்பாக்கப்பட்டு, ஈரப்பதம் ஊட்டப்பட்டு, சிறு குழல் அல்லது மூக்குக் கவசம் வழியாகச் செலுத்தப்படுகின்றன. ‘பபிள் சிபேப்’ முறையில், வெளிச்செல்லும் குழாயின் நுனி நீர்ப்புட்டிக்குள் அமிழ்த்தி வைக்கப்படுகிறது. அது 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், குழந்தைக்கும் அதே அளவு நீரழுத்தம் கிடைக்கும். பொதுவாக 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை பயன்படுத்தப்படுகிறது. நீரில் குமிழிகள் எழுவது நின்றுவிட்டால், எங்கோ காற்றுக் கசிகிறது என்று செவிலியர் அறிந்துகொள்ளலாம்.

இம்முறையில் குழந்தை தானாகவே மூச்சு விடுகிறது. கருவி துணை மட்டுமே செய்கிறது. மூச்சு விடும் முயற்சியே இல்லாத குழந்தைக்கும், மிகவும் களைத்துவிட்ட குழந்தைக்கும் வென்டிலேட்டர் தேவைப்படும்.

பயனும் வரம்பும்

25 முதல் 28 வாரங்களில் பிறந்த 610 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இரு பக்கங்களையும் காட்டியது. சிபேப் சிகிச்சையில் தொடங்கிய குழந்தைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு முதல் ஐந்து நாள்களில் தொண்டைக்குழாய் தேவைப்படவில்லை. ஆயினும், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசியும் பாதிப்பு, குழாய் பொருத்தப்பட்ட பிரிவில் 3 சதவீதமாகவும், சிபேப் பிரிவில் 9 சதவீதமாகவும் இருந்தது.

மூச்சுத்திணறல் அறிகுறியுள்ள குறைமாதக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. 32 வாரங்களுக்கு முன் பிறந்தோருக்கு, அறிகுறி இல்லாவிடினும் பிறந்தவுடன் தொடங்குவதைப் பரிசீலிக்கலாம் என 2022-இல் அது அறிவித்தது. தேவைப்படுவோருக்கு, சிபேப் தொடரும்போதே மெல்லிய குழல் வழியாக சர்ஃபாக்டன்ட் மருந்தும் செலுத்தப்படுகிறது.

கண்காணிப்பின் இன்றியமையாமை

கவசம் இறுக்கமாக இருந்தால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகும். தளர்ந்தால் அழுத்தம் குறையும். வயிற்றில் சேரும் காற்றை வாய் வழிக் குழாய் மூலம் வெளியேற்ற வேண்டும். மூக்கில் சளி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே செவிலியர் பல குழந்தைகளைக் கவனிக்க நேரும் பிரிவுகளில் இவை தவறக்கூடும்.

ஆக்சிஜன் அளவு மற்றொரு முக்கியக் கூறு. தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜன், வளர்ந்துவரும் விழித்திரையின் இரத்த நாளங்களைப் பாதித்துப் பார்வையிழப்பு வரை கொண்டு செல்லக்கூடும். எனவே, காற்றுடன் கலந்து அளிக்கும் வசதியும், இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிறுத்தும் கண்காணிப்பும் அவசியம். இந்தியாவில் 34 வாரங்களுக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். மிகக் குறைந்த எடையுள்ளோருக்கு இதை இன்னும் முன்னதாகச் செய்ய வேண்டும். உயிர் காத்த சிகிச்சைக்குப் பின் பார்வையையும் காக்க இப்பரிசோதனை தவறக் கூடாது.

பெற்றோர் அறிய வேண்டியவை

குறைமாதப் பிரசவ வலி தொடங்கினால், பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனையைத் தாமதமின்றி அடைவது நல்லது. பிரசவத்துக்கு முன் தாய்க்குச் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி, கருவின் நுரையீரல் முதிர்ச்சியை விரைவுபடுத்தும். குழந்தை பிறந்தபின், நிலைமை சீராக இருந்தால், சிபேப் பொருத்தப்பட்ட நிலையிலும் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை அளிக்கலாம். தாய்ப்பாலும் குழாய் வழியாகக் கொடுக்கலாம்.

2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரம் திட்டத்தின் கீழ், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவை இலவசமாக வழங்கப்படுகின்றன. வீடு திரும்பும் நாளில், விழித்திரைப் பரிசோதனைக்கும் செவித்திறன் பரிசோதனைக்கும் உரிய தேதிகளைப் பெற்றோர் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.