மழையே இல்லாத ஊரில் மனுசங்க எப்படி இருப்பாங்க?



லடாக் போய்வந்த படங்களை மகன் போட்டதிலிருந்து, "டீச்சர், அறுபத்தாறு வயசுல மலையேற்றமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். பெருமையடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. மூன்று நாள், தினமும் மூன்று நான்கு மணி நேரம் நடை. ஒன்பது வயதுப் பேத்தி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பாதையைப் பற்றி எழுத எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

1991 அல்லது 92 இருக்கும். ஏழாம் வகுப்பு. "லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். மழை மிகக் குறைவு. மக்கள் தொகை குறைவு" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மழையே இல்லேன்னா அங்க மனுசங்க எப்படி டீச்சர் இருப்பாங்க?" என்றான். அந்த வருஷம் அவன் வீட்டு மானாவாரி நிலம் கருகிக் கிடந்தது. அது அவன் வீட்டுக் கேள்வி. நான், "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை.

இனி பயணம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். லேயில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் போய் இறங்கினால் உடம்புக்கு அது தெரியாமல் இருக்குமா? எங்கள் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஒரு நாள் ஓய்வு போதும் என்றார். அன்று இரவே வீட்டுக்காரருக்குத் தலைவலி, வாந்தி. மருத்துவர் ஆக்சிஜன் வைத்து, மூன்று நாள் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். நடக்கவும் அவரை விடவில்லை. குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகிறவர்கள், முதல் இரண்டு மூன்று நாளை லேயில் சும்மா இருப்பதற்கென்றே ஒதுக்குங்கள். காசு வீண் என்று பார்க்காதீர்கள்.

நாங்கள் நடந்தது ஷாம் பகுதியில். ஷாம் என்றால் கீழ்நாடு. சிந்து நதி ஓடும் திசையில் லேக்கு மேற்கே இருப்பது. லிக்கிர் மடத்தருகே தொடங்கி, யாங்தாங், ஹெமிஸ் சுக்பாச்சன், ஆங் வழியாகத் தெமிஸ்காம் வரை. (புகழ்பெற்ற ஹெமிஸ் மடம் வேறு, அது லேக்குத் தெற்கே இருக்கிறது.) வழியில் நாலு சின்னக் கணவாய்கள். எதுவும் 4,000 மீட்டரைத் தொடாது. அதனால்தான் குடும்பத்தோடு வருகிறவர்களை இந்தப் பக்கம் அனுப்புகிறார்கள்.

முதல் நாள் கணவாய் ஏறி நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம் கிடையாது. காவியும் சாம்பலுமாக மொட்டை மலைகள். பேத்தி, "அப்பத்தா, இங்க ஊரே இருக்காதே" என்றாள். இன்னும் கொஞ்சம் நடந்து ஒரு திருப்பம் திரும்பியதும் கீழே பச்சைப்பசேலென்று பார்லி வயல், பாப்லர் மரங்கள், வெள்ளை வீடுகள். அங்கே நின்றபோதுதான் 1991ஆம் வருஷத்துப் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

லே பக்கம் ஆண்டு மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். அவர்கள் மழையை நம்பி விதைப்பதே இல்லை. உச்சியில் உறைந்து கிடக்கும் பனி கோடையில் உருகி ஓடையாக இறங்குகிறது. ஓடை இறங்கும் இடத்தில்தான் ஊர். ஓடை இல்லாத இடத்தில் மொட்டை மலை மட்டும். ஓடைத் தண்ணீரை மலைச்சரிவிலேயே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். அதற்கு யூரா என்று பெயர். இரவில் வரும் தண்ணீர் வீணாகாமல் ஸிங் என்ற சிறு குளத்தில் தேக்குகிறார்கள். யாருக்கு எப்போது மடை திறப்பது என்று பார்க்க ஊரார் தேர்ந்தெடுத்த ஆள் உண்டு. சுர்பொன் என்பார்கள். நம் கண்மாய்களில் நீர்பாய்ச்சி இருப்பாரே, அதே வேலை.

நடைக்கும் இதுதான் கணக்கு. ஓடைக்கு ஓடை எவ்வளவு தூரமோ, அதுவே ஊருக்கு ஊர் தூரம். காலையில் சாப்பிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. கழுதை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும், கல்யாணத்துக்குப் போகும் கிழவிகளும், பிள்ளைகளும் நடந்து நடந்து உண்டான பாதை. சுற்றுலாக்காரர்களுக்காக யாரும் போட்டதல்ல. குழந்தை நடக்க ஏற்றதாக அது இருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஹெமிஸ் சுக்பாச்சன் என்ற பெயரில் உள்ள 'சுக்பா' அங்கே வளரும் ஜூனிபர் மரம். இலையை எரித்து வீட்டுக்குப் புகை போடுவார்கள், நம் சாம்பிராணி மாதிரி. ஊரருகே இருக்கும் தோப்பைப் புனிதமாக நினைத்து வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். விறகுக்குச் சாணி வறட்டி பொறுக்கும் நாட்டில், மரத்தைத் தொடாமல் விடுவது லேசான காரியமில்லை.

நடை முடியும் தெமிஸ்காமில் ஒரு குன்றின்மேல் பழைய கோட்டையின் இடிபாடுகள். நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொல்லாத வரலாறு அங்கே இருக்கிறது. 1679இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் போர் மூண்டது. பூட்டானோடு லாசாவுக்கு இருந்த சச்சரவில் லடாக் அரசர் பூட்டான் பக்கம் நின்றதுதான் காரணம். திபெத்திய, மங்கோலியப் படை லேயைப் பிடித்தது. லடாக்கியர் பாஸ்கோ கோட்டையில் மூன்றாண்டு முற்றுகையைத் தாங்கினார்கள். லிக்கிர் போகும் வழியில் காரிலிருந்தே பார்க்கலாம், அந்தக் கோட்டையை. கடைசியில் காஷ்மீரிலிருந்து முகலாயப் படை உதவிக்கு வந்தது. 1684இல் தெமிஸ்காமில் உடன்படிக்கை. மேற்குத் திபெத்தின் பஷ்மினா கம்பளி லடாக் வழியாக மட்டுமே காஷ்மீருக்குப் போகவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை லடாக்கிலிருந்து காணிக்கையோடு ஒரு குழு லாசா போகவேண்டும். லாசாவிலிருந்து ஆண்டுதோறும் தேயிலை வணிகக் கூட்டம் வரும். இந்த ஏற்பாடு 1940கள் வரை நடந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் தங்கிய வீட்டு அபி-லே (அங்கே பாட்டியை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்) உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தார். பேத்தி முகத்தைச் சுளித்தாள். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

ஆக, "மக்கள் தொகை குறைவு" என்று நான் மூன்று சொல்லில் முடித்த இடம் லாசா, யார்க்கந்து, காஷ்மீர் என்று மூன்று பக்கத்து வணிகப் பாதைகளும் சந்தித்த இடம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. டோக்ரா ஆட்சியிலும் பிரிட்டிஷ் காலத்திலும் அதிகாரிகளும் துரைமார்களும் இந்த மலைகளில் பயணம் போனார்கள். அவர்கள் மூட்டையைச் சுமந்தது யார்? 'ரெஸ்' என்று ஒரு முறை. பெரிய பாதையை ஒட்டிய ஊர்கள் முறைவைத்துக் குதிரையும் ஆளும் அனுப்பவேண்டும். ஏதோ ஒரு கூலி உண்டு. வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. பயணிகள் வருவதும் கோடையில், வருஷத்தின் ஒரே விளைச்சலும் கோடையில். வயலை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போன வீட்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தத் துரைமார்களின் பயணப் புத்தகங்களில் மலையழகு பக்கம் பக்கமாக வரும். நான் அவற்றை ரசித்துப் படித்தவள்தான். இப்போது படித்தால் அந்த வயல்தான் நினைவுக்கு வரும்.

1960களில் ஸ்ரீநகர்–லே மோட்டார் சாலை வந்தது. 1974இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு லடாக்கைத் திறந்துவிட்டார்கள். இப்போது இந்த ஊர்களுக்கெல்லாம் வண்டிப் பாதை இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் தினமும் காரில் முன்னதாகப் போய், நாங்கள் வந்துசேரும்போது திண்ணையில் உட்கார்ந்து ஆப்ரிகாட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அபி-லேயின் பேரன் லேயில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். "எங்கள் பிள்ளைகள் இந்தப் பாதையில் நடந்து பத்து வருஷமாகிறது" என்று இந்தியில் அவர் சொன்னதை மருமகள் மொழிபெயர்த்தாள். பாதை தூர்ந்துவிடாமல் இருப்பது எங்களைப் போல வருகிறவர்கள் நடப்பதால்தான். தங்கும் காசு நேரே அந்த வீட்டுக்குப் போகிறது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பெயர் போடவில்லை, ஆனால் அந்தப் பையன் இந்தப் பதிவுகளைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. உட்காரச் சொன்னது என் தப்பு. யாங்தாங் ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் உனக்காகவே படம் எடுத்து வைத்திருக்கிறேன். மகன் நாளைக்குப் போடுவான்.